அடைப்புக்குறிக்குள் வந்தவை

திரையில் நடுக்கடல். ஒரு படகு, அதில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும் இரண்டு ஆண்கள். ஐந்து நிமிடமாக இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது திரையின் அடியில், வசனம் வருகிற இடத்தில், அடைப்புக்குறிக்குள் ஒரு வரி வந்தது.

[அடுப்பில் பால் பொங்கும் சத்தம்]

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடுக்கடலில் எவன் பால் காய்ச்சுகிறான்? இந்த வரிகளைத் தட்டச்சு செய்து வைத்த புருஷன் தூக்கக் கலக்கத்தில் வேறு படத்து வரியை இங்கே ஒட்டிவிட்டான் போல என்று நினைத்துக்கொண்டு சோபாவில் காலை நீட்டினாள். நீட்டிய காலை மடக்குவதற்குள் தீய்ந்த வாசனை மூக்கில் ஏறியது. எழுந்து ஓடினாள். பால் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி வழிந்து, அடுப்பைச் சுற்றிப் பழுப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது. மகள் வாண்டுவுக்காக வைத்த பால். வைத்ததையே மறந்து போயிருந்தாள்.

அடுப்பை அணைத்து, துணியால் துடைத்து, கையைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது படகு கரை சேர்ந்திருந்தது. ஏதோ தற்செயல் என்று அவள் அதை அப்போதைக்கு விட்டுவிட்டாள்.

அவளுக்குக் காது கேட்காது. இருபத்து நான்கு வயதில் ஒரு மூளைக்காய்ச்சல் வந்து, உயிரை விட்டுவிட்டுக் காதை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. அது ஆகிவிட்டது பதினோரு வருஷம். பேச்சு போகவில்லை. எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே பாதிக்கு மேல் புரிந்துகொள்வாள், மீதியை ஊகித்துக்கொள்வாள், ஊகம் தப்பினால் சிரித்துச் சமாளிப்பாள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. அந்த இயந்திரம் போடுகிற இரைச்சலில் மற்றவர்கள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தலைவலி தைலம் தேய்த்துக்கொள்ள, அவள் மட்டும் பூங்காவில் உட்கார்ந்திருப்பவள் போல நிம்மதியாக வேலை செய்வாள். கடையில் எல்லோருக்கும் அவள் லென்ஸக்கா.

புருஷன் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை. போனால் ஒன்பது மாதம். ஒவ்வொரு முறை கிளம்புவதற்கு முன்னும் அவளுக்காக ஒரு வேலை செய்வான். நாற்பது, ஐம்பது படங்களை ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, ஒவ்வொன்றையும் உட்கார்ந்து கேட்டு, வசனத்தை மட்டுமல்ல, சத்தங்களையும் தட்டச்சு செய்து வைப்பான். [கதவு கிறீச்சிடுகிறது] என்று ஒழுங்காக எழுதிக்கொண்டே வருபவன், பாட்டு வந்தால் [பாட்டு. உனக்கு ஒரு நஷ்டமும் இல்லை] என்பான். கதாநாயகி அழுதால் [இவள் அழுகை உன் தங்கை அழுகை மாதிரி, மூக்கு வழியாக] என்பான். அவன் ஊரில் இல்லாத மாதங்களில் மாலை நேரத்தில் அவளுக்குத் துணை அந்த அடைப்புக்குறிகள்தான். வாண்டு தூங்கிய பிறகு ஒன்றரை மணி நேரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து காதோரம் பேசுகிற மாதிரி இருக்கும். அவன் இல்லாத வீட்டை அவள் அப்படித்தான் தாங்கிக்கொண்டாள்.

இந்த முறை அவன் கப்பல் ஏறிய இரண்டாவது வாரமே, படம் போடுகிற பழைய பிளேயர் சிவப்பு விளக்கை நாலு முறை சிமிட்டிவிட்டுப் படுத்துவிட்டது. ஹார்ட் டிஸ்கை டிவியின் முதுகில் நேரடியாகச் செருகினால் படம் வந்தது, எழுத்து வரவில்லை. லேப்டாப்பில் பார்க்கலாம்தான். நாள் முழுக்க லென்ஸைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துப் பார்ப்பவளுக்கு மாலையிலாவது எட்ட இருக்கிற திரை வேண்டும்.

தெருமுனையில் டிவி சாமான்கள் விற்கிறவரிடம் போனாள். சுவர் நிறைய ரிமோட்டுகளைத் தொங்கவிட்டிருப்பதால் அவருக்கு ரிமோட் அண்ணன் என்று பேர். அவளோடு பேசும்போது முகத்தை நேராக வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசுகிற நல்ல மனிதர்.

"மூணு தரேன் தங்கச்சி. வீட்டுல போட்டுப் பாரு. எது எழுத்தை ஒழுங்கா காட்டுதோ அதை வச்சுக்கோ, மத்ததைத் திருப்பிக் குடு" என்றார்.

முதலாவது விரல் நீளக் குச்சி. டிவியின் பக்கவாட்டில் செருகினால் போதும். படம் பளிச்சென்று வந்தது. வசனம் வர வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள் வரிசை வரிசையாக வந்தன. இரண்டாவது ஒரு வெள்ளைப் பெட்டி. அது எழுத்தைக் காட்டியது, ஆனால் உடைத்துக் காட்டியது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவே ஒரு புள்ளி வட்டம். ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்து நின்றது. மூன்றாவது கறுப்புப் பெட்டி. கனமாக இருந்தது, எந்தக் கம்பெனிப் பேரும் அதில் இல்லை, யாரோ கொஞ்ச நாள் வைத்திருந்து விற்றது. அதில் புருஷன் எழுதிய ஒவ்வொரு எழுத்தும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல வந்தது. பால் பொங்கியது அந்தப் பெட்டியைப் போட்ட மூன்றாவது நாள்.

நான்காம் நாள், ஒரு கல்யாணக் கும்பல் கூச்சல் போட்டுச் சாப்பிடுகிற காட்சியில் [வாசலில் யாரோ தட்டுகிறார்கள்] என்று வந்தது. படத்தில் வாசலே இல்லை. அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். மாடி வீட்டு டீச்சர் கையில் ஒரு கடிதத்தோடு நின்றுகொண்டிருந்தார். "அட, மணிக்குப் பதிலா எரியுற லைட்டைக்கூட நான் போடல. எப்படித் தெரிஞ்சுது?" என்று அவர் உதடுகள் கேட்டன. அவள் ஏதோ சொல்லி மழுப்பினாள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் [மழை ஆரம்பிக்கிறது] என்றது. ஜன்னலைத் திறந்தாள். முதல் துளிகள் அப்போதுதான் கொடியில் கிடந்த துணிமேல் விழுந்துகொண்டிருந்தன.

அன்றே புருஷனுக்குச் செய்தி அனுப்பினாள்.

"படகுப் படத்துல பால் பொங்குதுன்னு எழுதியிருக்கீங்களா?"

கப்பலில் சிக்னல் கிடைத்து பதில் வர மறுநாள் ஆனது. "எந்தப் பால்? அதுல ரெண்டு பேரும் மூஞ்சைத் தூக்கி வச்சுட்டு உக்காந்திருப்பானுங்க. [கடல்]னு எழுதிட்டுத் தூங்கிட்டேன்."

லேப்டாப்பில் அந்த மூன்று படங்களின் கோப்புகளையும் திறந்து வரி வரியாகப் பார்த்தாள். பால் இல்லை. வாசல் இல்லை. மழை இல்லை. விஷயத்தைச் சொன்னதும் அவன் எழுதினான். "அந்தப் பெட்டியில மைக் இருக்கும். சுத்தி நடக்கிற சத்தத்தைக் கேட்டு எழுதுது போல. இப்பல்லாம் ஃபிரிட்ஜுக்கே காது வந்துடுச்சே. உனக்கு நல்லதுதானே? அதையே வச்சுக்கோ."

நல்லதுதானே. அந்த வார்த்தையைப் படித்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பதினோரு வருஷத்தில் வீடு அவளிடம் பேசியதே இல்லை. குக்கர் எத்தனை விசில் விட்டது என்று தெரியாமல் அதன் முன்னாலேயே நின்றிருக்கிறாள். குழாயைத் திறந்து வைத்துவிட்டுத் தொட்டி நிரம்பி வழிந்த பிறகு பார்த்திருக்கிறாள். இப்போது சோபாவில் உட்கார்ந்தபடியே வீடு முழுவதும் என்ன நடக்கிறது என்று தெரிந்தது. எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கே இடமில்லாமல் போனது. குச்சியையும் வெள்ளைப் பெட்டியையும் எடுத்து ஒரு பையில் போட்டு, திருப்பிக் கொடுக்க ஓரமாக வைத்தாள்.

இன்னொன்றையும் அன்று எடுத்து வைத்தாள். வாண்டு கைக்குழந்தையாக இருந்ததிலிருந்தே அந்த வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. குழந்தை உள்ளறையில் தூங்கும்போது அதன் மணிக்கட்டில் ஒரு நூலைத் தளர்வாகக் கட்டி, மறுமுனையைக் கதவுக்கு அடியில் கொண்டு வந்து தன் சுண்டுவிரலில் சுற்றிக்கொள்வாள். குழந்தை அழுதால் கை ஆடும், நூல் இழுக்கும். ஐந்து வயதாகியும் அதை விடவில்லை. "என்னை மாடு மாதிரி கட்டுற" என்று வாண்டு முகத்தைச் சுளித்தாலும் விடவில்லை. குழந்தை கூப்பிட்டுத் தனக்குத் தெரியாமல் போய்விடுமோ என்பது ஒன்றுதான் அவளுக்கு இருந்த பயம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். அன்று மாலை படம் ஓடிக்கொண்டிருக்கும்போது [உள்ளறையில் குழந்தை முனகுகிறாள்] என்று வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தாள். வாண்டு போர்வைக்குள் சிக்கிக்கொண்டு கெட்ட கனவில் முகத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். நூலில் ஒரு அசைவும் இல்லை. நூலைவிடப் பெட்டிக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. நூலைச் சுருட்டி மேஜை டிராயரில் போட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் ஒன்றும் இல்லை. இப்போது நினைத்துப் பார்த்தால் அந்த ஒரு வாரம்தான் அவள் வாழ்க்கையிலேயே கவலையில்லாமல் இருந்த வாரம்.

செவ்வாய்க்கிழமை. இருட்ட ஆரம்பித்திருந்தது. திரையில் ஒரு கிழவர் கடிகாரம் ஒன்றைப் பிரித்து, பற்சக்கரங்களை ஒவ்வொன்றாகத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். அறையில் வேறு வெளிச்சம் இல்லை. டிவியின் நீலம் சுவரில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. ஈரத்துணியின் வாசனையும், காலையில் தேய்த்த லென்ஸின் மாவு நகக்கண்ணில் ஒட்டியிருக்கிற வாசனையும் அவளைச் சுற்றி இருந்தன.

[அம்மா கூப்பிடுகிறாள்]

அவள் கிழவரின் முகத்தைப் பார்த்தாள். அவருக்கு எந்த அம்மா? படத்தின் வரியாக இருக்கும் என்று விட்டாள். உள்ளறைக் கதவு திறந்தது. வாண்டு கண்ணைக் கசக்கிக்கொண்டு, பொம்மையைக் காலைப் பிடித்து இழுத்தபடி வந்து நின்றாள்.

"ஏம்மா கூப்பிட்ட?"

"நான் கூப்பிடல செல்லம்."

"கூப்பிட்ட. ரெண்டு தடவ."

குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்க வைத்து, தட்டிக்கொடுத்துவிட்டு வந்தாள். கிழவர் இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார். அடியில் இன்னொரு வரி நின்றுகொண்டிருந்தது. [அம்மா பேசிக்கொண்டிருக்கிறாள்]. நான்கு நொடியில் போய்விட வேண்டிய வரி, படம் மாறி மாறி வந்தும் அப்படியே நின்றது. அவள் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள். அணைத்த பிறகு அந்த இருட்டில் தனியாக உட்கார்ந்திருக்க முடியவில்லை, எழுந்து எல்லா விளக்கையும் போட்டாள்.

மறுநாள் காலை மாடிப்படி இறங்கி வந்த டீச்சர் அவளை நிறுத்தினார்.

"நேத்து சாயங்காலம் யாரு வந்திருந்தா? ரொம்ப நேரம் பேசிட்டிருந்தியே."

"யாரும் வரலையே டீச்சர்."

டீச்சர் ஒரு மாதிரி பார்த்தார். "உன் குரல் எனக்குத் தெரியாதா? என்ன பேசுறேன்னு புரியல, ஆனா விடாம பேசிட்டே இருந்த. தூங்குற வரைக்கும் கேட்டுச்சு." பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஃபோன்ல பேசினியா இருக்கும்" என்று தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு போனார். காது கேட்காதவள் யாரிடம் ஃபோனில் பேசுவாள்? அது டீச்சருக்கும் தெரியும்.

அன்று லென்ஸ் இரண்டு உடைந்தன. கடை முதலாளி உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே அவள் கையைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் டிவியைத்தான் முதலில் சந்தேகப்பட்டாள். அந்த வீட்டில் டிவியின் ஒலி எப்போதும் பூஜ்யத்தில்தான் இருக்கும். ஆனாலும் பெட்டி அவள் குரலைப் பிடித்து வைத்துக்கொண்டு டிவி வழியாகப் போடுகிறதோ என்னவோ. கிழவர் படத்தையே மறுபடியும் ஓடவிட்டு, டிவியின் முதுகில், ஸ்பீக்கர் சல்லடை இருக்கிற இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். டிவியின் சூடு கைக்கு ஏறியது. தூசி வாசனை. எட்டி, கழுத்தை வளைத்துத் திரையைப் பார்த்தாள்.

[அம்மா பேசுகிறாள்]

கைக்கு அடியில் ஒரு அதிர்வும் இல்லை. பிளாஸ்டிக் செத்துக் கிடந்தது. பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். அதுவும் அப்படியே. உள்ளறையின் கதவு இடுக்கு வழியாக வாண்டுவின் இரண்டு கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவள் பார்த்ததும் கதவு மெல்ல மூடிக்கொண்டது.

சனிக்கிழமை மத்தியானம் பெட்டியைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு ரிமோட் அண்ணனிடம் போனாள்.

"இதுல மைக் எங்க இருக்கு அண்ணே? அதை மட்டும் எடுத்துடுங்க."

அவர் புரியாமல் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவரால் நான்கு மூலையிலும் திருகி மேல்மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு பச்சை அட்டை, கட்டைவிரல் அளவு ஒரு மின்விசிறி, நாலைந்து கம்பி. விளக்கை இழுத்து அருகில் வைத்துக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் ஓட்டிக் காட்டினார்.

"மைக்கே கிடையாது தங்கச்சி. இதுக்குக் காதும் இல்ல, நெட்டும் இல்ல. கோப்பை எடுத்துக் காட்டும், அவ்வளவுதான். ரொம்பப் பழசு." அவள் முகம் போன போக்கைப் பார்த்து, "ஏன், எதாவது கோளாறு பண்ணுதா?" என்றார்.

"இது வேண்டாம்ணே. நீங்களே வச்சுக்கோங்க. அந்த வெள்ளைப் பெட்டியை நான் எடுத்துக்கறேன்."

"அதுல எழுத்து உடையுதுன்னியே?"

"உடைஞ்சா உடையட்டும்."

திரும்பி வரும்போது நடையில் ஒரு லேசு வந்திருந்தது. பிசாசோ, மண்ணாங்கட்டியோ, எதுவாக இருந்தாலும் அது இப்போது தெருமுனையில், மூடி கழன்ற நிலையில் ரிமோட் அண்ணனின் மேஜைமேல் கிடக்கிறது. அவருக்கு நல்லதாகப் போகட்டும். அன்று இரவு டிவியைப் போடவே இல்லை. நூலை எடுத்து வாண்டுவின் கையில் கட்டி, மறுமுனையைத் தன் விரலில் சுற்றிக்கொண்டு பக்கத்திலேயே படுத்துத் தூங்கினாள்.

ஞாயிறு காலை, குளிப்பாட்டி முடித்துக் கண்ணாடி முன்னால் உட்கார வைத்து வாண்டுவுக்குத் தலை வாரினாள். கண்ணாடியில் குழந்தையின் உதடுகள் அசைவது தெரிந்தது.

"நீ சொன்னதை டீச்சர்கிட்ட சொல்லலம்மா."

சீப்பு பாதி முடியில் நின்றது. "எதைச் சொன்னேன்?"

வாண்டு கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தாள். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொன்னியே. உன்கிட்டகூட."

அவள் குழந்தையைத் திருப்பி, தோளைப் பிடித்து, என்ன, எப்போது, யார் என்று கேட்டாள். கேட்கக் கேட்க வாண்டு உதட்டை உள்ளே மடித்துப் பற்களால் கடித்துக்கொண்டாள். அதற்குமேல் அந்த வாயிலிருந்து படிக்க ஒன்றும் இல்லை. புருஷனுக்கு எழுதினாள். உடனே கிளம்பி வாங்க. எழுதியது போகாமல் ஒற்றைக் குறியோடு நின்றது. கப்பல் எங்கோ சிக்னல் இல்லாத தண்ணீரில் இருந்தது.

மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சாப்பிட்டு முடித்த வாண்டு உள்ளறையில் தரையில் உட்கார்ந்து கட்டைகளை அடுக்கினாள். கதவை அகலத் திறந்து வைத்து, அவள் முதுகு தெரிகிற மாதிரி சோபாவை இழுத்துப் போட்டுக்கொண்டு, அம்மா வெள்ளைப் பெட்டியைச் செருகினாள். படம் பார்க்க ஆசையில்லை. பெட்டி மாறினால் அந்த வரிகள் போய்விட்டன என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் போதும். அதைப் பார்க்காமல் அந்த வீட்டில் இன்னொரு இரவைக் கழிக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

திரையில் ஒரு சந்தை. மூட்டை, வண்டி, கூடை, வாய் ஓயாமல் கத்துகிற மனிதர்கள். வசனங்கள் உடைந்து உடைந்து வந்தன. கொம்பு ஒரு இடத்தில், எழுத்து ஒரு இடத்தில், இடையில் புள்ளி வட்டங்கள். அவளுக்கு அந்த உடைசல் இதமாக இருந்தது. பத்து நிமிடம். இருபது நிமிடம். எல்லாம் புருஷனின் வரிகள்தான், நொறுங்கிப்போன புருஷனின் வரிகள். தோள் தளர்ந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது, ஜன்னல் கண்ணாடியில் கோடு கோடாக இறங்கியது, மண் வாசனை உள்ளே வந்தது.

அப்போது ஒரு வரி வந்தது. ஒரு எழுத்தும் உடையாமல்.

[அமைதி]

சந்தையில் ஐம்பது பேர் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அவள் உள்ளறையைப் பார்த்தாள். கட்டைகள் இருந்தன. கோபுரமாக அடுக்கி, மேலே ஒன்று கோணலாக. வாண்டுவின் முதுகு இல்லை.

[அமைதி]

தண்ணீர் குடிக்கப் போயிருப்பாள். பாத்ரூமுக்குப் போயிருப்பாள். அமைதி என்றுதானே வருகிறது. ஒன்றும் நடக்கவில்லை என்றுதானே அர்த்தம். இத்தனை நாளில் அது ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை. மனது பழக்கத்தில் அந்த வார்த்தைமேல் சாய்ந்துகொண்டது, ஒரு நொடிதான், அந்த ஒரு நொடிக்காக அவள் பிறகு தன்னை வெறுத்தாள்.

தரை அதிர்ந்தது.

உள்ளங்காலில் வந்தது. தம். தம். தம். யாரோ எதையோ ஓங்கி அடிக்கிறார்கள். அவள் திரும்பினாள். ஜன்னலுக்கு வெளியே, மழையில் நனைந்தபடி டீச்சர். இரண்டு கையாலும் சட்டத்தை அடித்துக்கொண்டிருந்தார். வாய் பெரிதாகத் திறந்து மூடியது. கண்ணாடியில் ஓடுகிற தண்ணீருக்குப் பின்னால் உதடுகள் கலங்கித் தெரிந்தன.

குழந்தை. கத்துது. எவ்வளவு நேரமா.

[அமைதி]

அவள் எழுந்தாள். சோபாவுக்குப் பின்னால், சுவரோரம், மூலையில் வாண்டு நின்றிருந்தாள்.

எவ்வளவு நேரமாக நின்றாளோ. முகம் முழுக்கக் கண்ணீரும் சளியும். சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. வாய் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன குழந்தையின் முகம் அது. அவள் முதுகுக்குப் பின்னால் மூன்று அடி தூரத்தில், அவள் படம் பார்த்துக்கொண்டிருக்க, குழந்தை கத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

"கண்ணு, என்னடா" என்று கையை நீட்டிக்கொண்டு ஓடினாள்.

வாண்டு பின்னால் நகர்ந்தாள். சுவர் தடுத்தது. சுவரிலேயே ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தாள். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். அவளைப் பார்த்து. தன் அம்மாவைப் பார்த்து.

உதடுகள் அசைந்தன. மெதுவாக, தெளிவாக. காது கேட்காத அம்மாவுக்குப் புரிய வேண்டும் என்று பேச ஆரம்பித்ததிலிருந்தே பழகிய மாதிரி.

"பேசாதம்மா."

அவள் நின்றுவிட்டாள். வாயை மூடினாள். தலையை ஆட்டினாள். பேசவில்லை, பார், நான் பேசவில்லை.

"பேசாதம்மா. போதும். பேசாத."

ஜன்னலைப் பார்த்தாள். டீச்சர் அடிப்பதை நிறுத்தியிருந்தார். அவர் குழந்தையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். மூடியிருக்கிற அவள் வாயை. டீச்சரின் முகத்தில் இருந்த கோபமும் பதற்றமும் வழித்தெடுத்தது போலப் போய், வேறு ஒன்று வந்தது. ஒரு அடி பின்னால் வைத்தார். இன்னொரு அடி. பிறகு ஜன்னலில் மழை மட்டும் இருந்தது.

காது போன புதிதில் பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மாள் ஒன்று கற்றுக்கொடுத்திருந்தார். குரல் வருகிறதா, எவ்வளவு சத்தமாக வருகிறது என்று தெரிய வேண்டுமானால் தொண்டையில் கையை வைத்துப் பார்.

வைத்தாள்.

தொண்டை அதிர்ந்துகொண்டிருந்தது.

உதடு மூடியிருந்தது. பல் கடித்திருந்தது. நாக்கு அசையவில்லை. மூச்சைக்கூடப் பிடித்து வைத்திருந்தாள். கைக்கு அடியில் அது பேசியது. ஏறி, இறங்கி, ஒரு வார்த்தை முடிந்து இன்னொரு வார்த்தை தொடங்கி. அவசரமே இல்லாமல். வெகு நாளாகப் பேசிப் பழகிய மாதிரி.

இன்னொரு கையையும் வைத்து அழுத்தினாள். நிற்கவில்லை. கத்த வாயைத் திறந்தாள். கத்தினாளா என்று தெரியவில்லை. கைக்கு அடியில் அந்தப் பேச்சு கொஞ்சமும் மாறவில்லை.

[அமைதி]

அதிர்வு நின்றது. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர் நிறுத்துவதைப் போல நின்றது.

வாண்டு காதிலிருந்து கையை மெல்ல எடுத்தாள். விம்மல் அடங்கியது. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவள் பார்வை அம்மாவின் கண்ணில் இல்லை. கொஞ்சம் கீழே, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் தெரிகிற தொண்டையில் இருந்தது. அதைப் பார்த்து, சொன்ன பேச்சைக் கேட்கிற குழந்தையாக, தலையை ஆட்டினாள்.

"சரிம்மா" என்றன அந்தச் சின்ன உதடுகள்.

கைக்கு அடியில் தொண்டை மறுபடியும் பேச ஆரம்பித்தது.